கோடு போட்டாயிற்று, பிறகு கான்சாஸில் ஏன் ரத்தம்?

"அமெரிக்காவில் அடிமை முறை எதுவரை என்று 1820-லேயே கோடு போட்டு முடித்துவிட்டார்களே, 1854-க்குப் பிறகு கான்சாஸில் எதற்கு அடிதடி? என் கட்டுரை இங்கேதான் நிற்கிறது" என்று கேட்டிருந்தீர்கள். நிற்க வேண்டிய இடம்தான்.

அந்த 1820 மிசூரி உடன்பாட்டின்படி, பிரான்சிடம் வாங்கிய லூசியானா நிலப்பரப்பில், மிசூரி மாநிலத்தைத் தவிர, 36 டிகிரி 30 நிமிட அட்சரேகைக்கு வடக்கே அடிமை முறை கூடாது. கான்சாஸ் அதற்கு வடக்கே இருக்கிறது. ஆனால் இலினாய் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸுக்கு சிகாகோவிலிருந்து மேற்கே ரயில் பாதை வேண்டும். அதற்கு, அடிமை முறை இருந்த தென் மாநிலத்தவரின் ஓட்டு நாடாளுமன்றத்தில் வேண்டும். அவர்கள் கேட்ட விலை அந்தக் கோடு. 1854 சட்டம் அதை அழித்து, குடியேறுபவர்களே முடிவு செய்யட்டும் என்றது. கேட்க ஜனநாயகமாகத்தான் இருக்கிறது, அடிமைகளை யாரும் கேட்கவில்லை என்பதைத் தவிர.

1855 மார்ச்சில் கான்சாஸில் நடந்த சட்டமன்றத் தேர்தலைக் கட்டாயம் சேருங்கள். கான்சாஸில் தகுதியுள்ள வாக்காளர் சுமார் 2,900 பேர். பதிவான ஓட்டு 6,000-க்கு மேல்! அங்கும் அடிமை முறை வேண்டும் என்ற மிசூரிக்காரர்கள் துப்பாக்கியோடு எல்லை தாண்டி வந்து, கள்ள ஓட்டுப் போட்டுவிட்டு வீடு திரும்பினார்கள்.

அப்புறம் ஒரு திருத்தம். லிங்கனின் கட்சி அடிமை முறையை அடியோடு ஒழிக்கத் தொடங்கப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அடிமை முறை மேற்கே பரவக் கூடாது என்பதுதான் அந்தக் குடியரசுக் கட்சியின் கோரிக்கை. தென் மாநிலங்களில் இருப்பதைத் தொடுவதாகச் சொல்லவில்லை. தெற்கு அதற்கே பதறக் காரணம், ஒவ்வொரு புது மாநிலத்துக்கும் இரண்டு செனட் இடம். 1850-இல் கலிபோர்னியா அடிமை முறை இல்லாத மாநிலமாகச் சேர்ந்தபோதே செனட்டில் இரு தரப்புக்கும் இருந்த சமநிலை போய்விட்டது. அந்தக் கோடே செல்லாது என்று, விடுதலை கேட்டு வழக்குப் போட்ட அடிமை டிரெட் ஸ்காட்டின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1857-இல் தந்த தீர்ப்புக்கு ஒரு பத்தி போதும்.