பொறியியல் கல்விப்புலமும் தொழில் நிறுவனமும்: ஒப்பந்தங்கள் பற்றிய கேள்வி பதில்

பல்கலைக்கழகப் பொறியியல் புலங்கள் தொழில் நிறுவனங்களுடன் செய்துகொள்ளும் ஆய்வு ஒப்பந்தங்களை வரைவதும் திருத்துவதும் என் வேலை. அந்த எல்லைக்குள் வரும் கேள்விகளுக்கு விடை தருகிறேன்.

துறைத்தலைவர் ஒருவர்: புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. இனி ஆய்வைத் தொடங்கலாம் அல்லவா?

தொடங்கக் கூடாது. புரிந்துணர்வு ஒப்பந்தம் இரு தரப்பின் விருப்பத்தைப் பதிவு செய்வதோடு நின்றுவிடும். யார் எவ்வளவு எப்போது தருவார், எதைச் செய்து ஒப்படைக்க வேண்டும், விளைவது யாருக்குச் சொந்தம் என்பவை பெரும்பாலும் அதில் இருப்பதில்லை. இவற்றை வரையறுக்கும் தனி ஆய்வு ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் வரை ஆய்வகத்தில் ஒரு திருகாணியைக்கூடத் திருகாதீர்கள். வேலை பாதி முடிந்த பிறகு பேரம் பேச உட்காரும் பல்கலைக்கழகத்தின் கையில் துருப்புச்சீட்டு எதுவும் மிஞ்சியிருக்காது.

முனைவர் பட்ட ஆய்வாளர்: என் ஆய்வுக்கு நிதி தரும் நிறுவனம், ரகசியம் என்று சொல்லிக் கட்டுரை வெளியிட விடாமல் தடுக்கிறது. இது முறைதானா?

உங்கள் ஒப்பந்தத்தில், 'நிறுவனத்தின் எழுத்துபூர்வமான ஒப்புதலின்றி எதையும் வெளியிடலாகாது' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உங்கள் பட்டத்தின் சாவி நிறுவனத்தின் மேசையில் இருக்கிறது என்று பொருள். வரைவுக் கட்டுரையை முன்கூட்டியே பார்க்கும் உரிமையை நிறுவனத்துக்குத் தரலாம்; தடுத்து நிறுத்தும் உரிமையைத் தரக் கூடாது. வழக்கமாக 30 முதல் 60 நாள் அவகாசம் தரப்படும். அதற்குள் தன் ரகசியத் தகவல்களை நீக்கச் சொல்லலாம், காப்புரிமைக்கு விண்ணப்பிக்கக் குறுகிய நீட்டிப்பும் கேட்கலாம். 'அவகாசத்துக்குள் மறுமொழி வராவிடில் ஒப்புதல் அளிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும்' என்ற வாசகத்தையும் சேர்க்கச் சொல்லி உங்கள் நெறியாளரிடம் வற்புறுத்துங்கள்.

நிறுவனத்தின் அச்சம் முழுக்க வெற்று அச்சம் அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில், கண்டுபிடிப்பாளரே வெளியிட்ட பிறகும் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க 12 மாத அவகாசம் உண்டு. ஐரோப்பியக் காப்புரிமையில் அத்தகைய பொதுச் சலுகை இல்லாததால், விண்ணப்பத்துக்கு முன் கருத்தரங்கில் ஒட்டிய ஓர் ஆய்வுச் சுவரொட்டியே காப்புரிமைக்குத் தேவையான புதுமையைப் பறித்துவிடக்கூடும்.

விரிவுரையாளர்: சில வாரத் தொழிற்பயிற்சியால் மாணவர்களுக்குப் பயன் எதுவும் தெரியவில்லையே?

தெரியாதுதான். சில வாரங்களில் மாணவர் அங்குள்ளவர்களின் பெயர்களைத்தான் கற்றுக்கொள்வார். 1906இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் வகுப்பறையையும் தொழிற்சாலையையும் மாறி மாறி வைத்துப் பாடத்திட்டத்தை அமைத்தார். 1957இல் தொடங்கிய வாட்டர்லூ பல்கலைக்கழகமும் அந்த வழியையே எடுத்துக்கொண்டு, பணிக்காலத்தைப் பட்டப்படிப்பின் உறுப்பாகவே ஆக்கியது. விடுமுறையின் ஓரத்தில் ஒட்டவைக்கப்படும் பயிற்சி அந்த வேலையைச் செய்யாது.

வேறொரு துறைத்தலைவர்: புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் அடிப்படையில் கருவிகளை வாங்கலாமா?

முதல் விடையைப் படியுங்கள்.

நிறுவன மேலாளர்: செலவு முழுவதையும் நாங்களே ஏற்கிறோம். காப்புரிமையும் முழுமையாக எங்களுக்குத்தானே வர வேண்டும்?

நீங்கள் தருவது இந்தத் திட்டத்தின் செலவு. பேராசிரியர் பல ஆண்டுகளாகச் சேர்த்த முறைகளும் மென்பொருள்களும் உங்கள் பணத்தில் உருவானவை அல்ல. அவற்றை முன்கூட்டியே பட்டியலிட்டு ஒதுக்க வேண்டும். புதிதாக விளைவது யாருக்கு என்பது பேச்சுவார்த்தைக்கு உரியது. கூட்டு ஆய்வுக்கென முன்வரைவாகப் பிரிட்டனில் வகுக்கப்பட்ட 'லாம்பர்ட்' மாதிரி ஒப்பந்தங்களிலேயே, பல்கலைக்கழகம் உரிமையை வைத்துக்கொண்டு, பயன்படுத்தும் உரிமத்தை மட்டும் தருவது முதல் நிறுவனமே உரிமையாளர் ஆவது வரை பல வகைகள் உண்டு.

அதே மேலாளர்: இது பல்கலைக்கழகங்களின் பேராசை. பணம் தந்தவருக்கே பொருள் என்பதுதான் உலக வழக்கம்.

விலைக்கு வாங்கும் பொருளுக்கு அது பொருந்தும். ஆய்வில், விளைவு வருமா என்பதே தெரியாமல் நாம் ஒப்பந்தம் செய்கிறோம். உங்கள் தொழில் துறையில் நீங்கள் மட்டுமே பயன்படுத்தும் தனியுரிமம் போதுமானால், முழு உரிமைக்காக மாதக்கணக்கில் வாதாடுவது உங்களுக்குத்தான் நட்டம்.

வழக்கறிஞர் ஒருவர் குறுக்கிட்டு: அமெரிக்காவின் 1980ஆம் ஆண்டு பே-டோல் சட்டமே பல்கலைக்கழகத்துக்கு உரிமையைத் தந்துவிடுகிறதே?

அச்சட்டம் அரசு நிதியில் நடக்கும் ஆய்வைப் பற்றியது. அங்கும் உரிமை தானாக வந்து சேர்வதில்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் ஒருவர், கண்டுபிடிப்பின் உரிமையை 'மாற்றித் தர ஒப்புக்கொள்கிறேன்' என்று தம் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பின்னர் சீட்டஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஒரு நுட்பத்தைக் கற்கச் சென்றபோது, 'இதன்மூலம் மாற்றித் தருகிறேன்' என்று சொல்லும் பார்வையாளர் படிவத்தில் கையெழுத்திட்டார். சீட்டஸின் அந்தத் தொழிற்பிரிவு ரோச் நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஸ்டான்ஃபோர்டு தொடுத்த வழக்கில், 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டாவது படிவமே உடனே செல்லுபடியானது என்றது. பே-டோல் சட்டம் உரிமையைத் தானாகப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிவிடாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மேலாளர்: அப்படியானால் நிறுவனத்தின் பக்கம்தானே நியாயம்?

நிறுவனத்தின் படிவம் கவனமாக எழுதப்பட்டிருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வாயிற்காவலர் நீட்டும் பார்வையாளர் படிவத்தைக்கூட மாணவர்கள் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம் என்று நான் ஓயாமல் சொல்வதற்கு இந்த வழக்குதான் காரணம். இந்த வாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்வோம்.

மாணவர்: அந்த நிறுவனத்தில் தொடக்கச் சம்பளம் எவ்வளவு?

வேலைவாய்ப்பு அலுவலகத்தைக் கேளுங்கள்.

பேராசிரியர்: ஆய்வகத்தில் இயங்கும் மாதிரியைக் காட்டினால், நிறுவனங்கள் பாராட்டுகின்றனவே தவிர எடுத்துக்கொள்வதில்லை. ஏன்?

ஒரு தொழில்நுட்பம் வெறும் கருத்திலிருந்து நடைமுறைப் பயன்பாடு வரை எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதை அளக்க நாசா வகுத்த ஒன்பது படித் தொழில்நுட்பத் தயார்நிலை அளவுகோலில், உங்கள் மாதிரி நான்காம் படியில், அதாவது ஆய்வகத்தில் இயங்கும் நிலையில், இருக்கலாம். நிறுவனம் உண்மையான சூழலில் இயக்கிக் காட்டும் ஏழாம் படிக்கு மேல் எதிர்பார்க்கும். இடைப்பட்ட சோதனைகளுக்குக் கட்டுரையும் கிடைக்காது, லாபமும் கிடைக்காது என்பதால் இரு தரப்பும் அவற்றைத் தட்டிக்கழிக்கின்றன. ஜெர்மனியில் 1949இல் நிறுவப்பட்ட ஃபிரான்ஹோஃபர் அமைப்பு இத்தகைய பயன்பாட்டு ஆய்வுக்கே உரியது. உங்களிடம் அப்படி ஓர் அமைப்பு இல்லையென்றால், அந்தச் சோதனைகளை நிறுவனத்தின் பொறியாளர் ஒருவரோடு சேர்ந்து செய்யும் இரண்டாம் கட்டத்தை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

மற்றொருவர்: ஐயா, புரிந்துணர்வு ஒப்பந்தம் இருக்கிறது, நிதி அடுத்த மாதம் வரும் என்கிறார்கள். அதற்குள் சிறிய அளவில் தொடங்கினால்?

சிறிய அளவிலும் கூடாது.