குதிரைப் பண்ணைக்குப் போகிறேன் என்கிறான் மகன்

வேளச்சேரி அம்மாவுக்கு வணக்கம். நேற்று பையன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் நீங்கள் முழுசாகக் கேட்கவில்லை, நானும் முழுசாகச் சொல்லவில்லை. மீதியை எழுதுகிறேன்.

பிளஸ் டூ முடித்த கையோடு புனே பக்கம் ஒரு ஸ்டட் ஃபார்மில், அதாவது பந்தயக் குதிரைகளை இனவிருத்தி செய்யும் பண்ணையில், வேலைக்குச் சேரப் போவதாகச் சொல்கிறான். ‘வரும் சீசன் நன்றாக இருக்கும், ஆள் வேண்டும்’ என்று அங்கே சொன்னார்களாம். அதை நம்பி அனுப்பலாமா என்று கேட்டீர்கள். அந்தப் பேச்சில் பொய் இல்லை. ஆனால் சீசன் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

பந்தயக் குதிரை எந்த மாதம் பிறந்திருந்தாலும் ஜனவரி 1 அன்று ஒரு வயது ஏறும். மே மாதக் குட்டியும் ஜனவரிக் குட்டியும் ஒரே வயதுக் கணக்கில்தான் ஓட வேண்டும். அதனால் வருடத் தொடக்கத்திலேயே குட்டி விழ வேண்டும் என்று பண்ணைகள் பார்க்கும். சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம் என்பதால் பிப்ரவரி நடுவில் இணைசேர்க்கத் தொடங்குவார்கள். பெட்டைக்குதிரையோ பகல் நீளும்போதுதான் பருவத்துக்கு வரும். அதற்காக டிசம்பர் தொடங்கியதுமே லாயத்தில் விளக்குப் போட்டு, நாளுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் கிடைக்கும்படி செய்வார்கள்.

அப்புறம், மாட்டுக்குப் போடுவது போல இங்கே சினை ஊசி கிடையாது. பந்தயத்தில் ஓடும் தரோபிரெட் இனத்தில் அப்படிப் பிறந்த குட்டியை உலகில் எங்குமே பதிவு செய்ய மாட்டார்கள். ஒவ்வொரு பெட்டையையும் சரியான நாள் பார்த்துப் பொலிகுதிரையிடம் (இணைசேர்க்கும் ஆண் குதிரையிடம்) கொண்டுபோக வேண்டும். இரண்டு வாரம் கழித்து, சினை பிடித்ததா என்று பார்க்க ஸ்கேன். இரட்டைக் கரு தெரிந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வார்கள், இரண்டையும் விட்டால் பெரும்பாலும் இரண்டுமே தங்காது. இதே மாதங்களில்தான் போன வருடம் சினையானவை குட்டி போடும், அதுவும் பெரும்பாலும் நள்ளிரவில். ஒரு மணி நேரத்தில் குட்டி எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் சீம்பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் தாய்க்கு நஞ்சுக்கொடி விழ வேண்டும். ஒன்று தவறினாலும் டாக்டரை எழுப்ப வேண்டும். பிப்ரவரி முதல் ஜூன் வரை இப்படித்தான் போகும், ஆள் தேவை என்று அவர்கள் சொல்வது இதற்குத்தான். ஜூலையில் எத்தனை பேரை வைத்துக்கொள்வார்கள் என்று உங்கள் பையன் கேட்கவில்லை.

பண்ணையின் எதிர்காலத்தை அறிய நான் ஒரே ஒரு கணக்கைத்தான் கேட்பேன்: போன சீசனில் எத்தனை பெட்டைகளைச் சேர்த்தார்கள், இந்த சீசனில் எத்தனை? வரும் பிப்ரவரியில் சேர்த்தால் அடுத்த வருடம் குட்டி. மும்பை மகாலட்சுமி மைதானத்தில் நடக்கும் பெரிய பந்தயமான இந்தியன் டெர்பியில் ஓடுவது நான்கு வயதுக் குதிரைகள். ஆக, இன்றைய செலவுக்கு ஐந்து வருடம் கழித்துத்தான் முழுப் பதில் தெரியும். பெட்டைகளைக் குறைக்கிற பண்ணை, குட்டியை வாங்க ஆள் இருக்குமா என்று பயப்படுகிறது.

பயப்படக் காரணமும் இருக்கிறது. பந்தயத்தில் கட்டும் முழுத்தொகைக்கும் 2023 அக்டோபரிலிருந்து 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 ஆகிவிட்டது. நம் ஊர்க் கதை உங்களுக்கே தெரியும். 2024 ஜூனில் ஊட்டிப் பந்தய மைதானத்தையும், செப்டம்பரில் கிண்டிப் பந்தய மைதானத்தின் 160 ஏக்கரையும் அரசு எடுத்துக்கொண்டது, கிண்டி விவகாரம் நீதிமன்றத்துக்கும் போனது. சின்ன வயதில் உங்கள் பையன் குதிரை பார்த்து ஆசைப்பட்டது அந்தக் கிண்டியில்தானே. அவனுக்கு இது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குப் புரிகிறது.

‘சூதாட்டத் தொழில்’ என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னாராம். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல், நம் மாநில வழக்கிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வார்த்தையை வைத்துப் பையனை மறிக்க வேண்டாம். லாயத்தில் குட்டியைப் பிழைக்க வைப்பது மிக நல்ல வேலை.

என் கருத்து இது. அவன் குதிரையிடம் போகட்டும், ஆனால் வேப்பேரி வழியாகப் போகட்டும். அங்கே இருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில், அல்லது நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு என்று எங்கே கிடைத்தாலும் பி.வி.எஸ்சி. என்ற கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பில் சேரட்டும். மாநில ஒதுக்கீட்டுக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண் போதும். நான்கரை வருடம் படிப்பு, ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். இந்த சீசனில் கருவாகும் குட்டி டெர்பி ஓடும்போது இவன் கடைசி வருடத்தில் இருப்பான். அப்போது பந்தயத் தொழில் செழித்தால் ஸ்டட் ஃபார்ம் டாக்டராகப் போகலாம். தேய்ந்தால் ராணுவத்தின் கால்நடைப் பிரிவான ரிமவுண்ட் வெட்னரி கோர் இருக்கிறது, அங்கேயும் குதிரைகள்தான். ஹிசாரில் குதிரைகளுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அரசுக் கால்நடை மருத்துவமனை வேலையும் உண்டு. லாய உதவியாளராக மட்டும் போனால், பண்ணை சுருங்கும் நாளில் அவன் கையில் ஒரு சான்றிதழ்கூட இருக்காது. என் பயம் அதுதான்.

ஆசையை ஐந்து வருடம் பூட்டி வைக்கவும் சொல்லாதீர்கள். மார்ச்சில் தேர்வு முடிந்ததும் ஏப்ரல், மே இரண்டு மாதம் அதே பண்ணைக்கு அனுப்புங்கள். சீசன் அப்போதும் நடந்துகொண்டிருக்கும். தங்குமிடம், சாப்பாடு, உதை பட்டால் யார் வைத்தியம் பார்ப்பார்கள் என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். பெட்டைகளின் கணக்கையும் அவனையே கேட்டு வரச் சொல்லுங்கள். ரிசல்ட் வந்து விண்ணப்பம் போடுவதற்கு முன், வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் வாருங்கள்.