மாமாவின் செங்காங் மரீன் ஜெர்சி: அந்த அணி இப்போது ஹவ்காங்தான்

வணக்கம் தம்பி. மாமா விட்டுப்போன 'செங்காங் மரீன்' ஜெர்சியை வைத்துக்கொண்டு, "அந்த அணி செத்துப்போச்சா, இப்ப நான் யாரை ஆதரிக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். சாகவில்லை, சிங்கப்பூர்க் கால்பந்து அணியான இன்றைய ஹவ்காங் யுனைடெட்தான் அது.

1998ல் மரீன் காசில் யுனைடெட் என்று, சிங்கப்பூரின் தொழில்முறைக் கால்பந்து லீக்கான எஸ்-லீக்குக்குள் வந்தார்கள். 2002ல் செங்காங் மரீன் ஆனார்கள், 2003 பருவத்தோடு லீக்கை விட்டு விலகினார்கள். ஆக, உங்கள் ஜெர்சி அந்த இரண்டு பருவங்களைச் சேர்ந்தது. அதிகம் கிடைக்காது, பத்திரமாக வையுங்கள். அப்புறம் 2006ல் பாய லேபார் பொங்கோல் என்ற அணியோடு சேர்ந்து செங்காங் பொங்கோல், 2011ல் ஹவ்காங் யுனைடெட்.

பெயர் மாறினால் வரலாறு யாருக்கு என்பது எல்லா ஊரிலும் வருகிற சண்டைதான். லண்டனின் விம்பிள்டன் அணியை 2003ல் மில்டன் கீன்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கொதித்துப்போன ரசிகர்கள் அதற்கு முந்தைய ஆண்டே சொந்தமாக ஏஎஃப்சி விம்பிள்டனைத் தொடங்கிவிட்டார்கள். அணி என்பது அந்த ரசிகர்கள்தான் என்பேன். நம் ஊரில் அவ்வளவு தூரம் யாரும் போவதில்லை, பெயர்ப்பலகைதான் மாறும். ஹோம் யுனைடெட் 2020ல் லயன் சிட்டி செய்லர்ஸ் ஆனதும் அப்படித்தான்.

மாமா பார்க்காமல் போன ஒன்று: 2022ல் தெம்பனிஸ் ரோவர்ஸை 3-2 என்று வென்று ஹவ்காங் சிங்கப்பூர்க் கிண்ணத்தைத் தூக்கியது. அதுதான் முதல் பெரிய கிண்ணம். அடுத்த ஹவ்காங் ஆட்டத்துக்கு அந்த ஜெர்சியையே போட்டுக்கொண்டு போங்கள். பழைய ரசிகர்கள் பார்த்த உடனே பேச வருவார்கள்.