தட்டம்மை ஒருமுறைதான் வருகிறது, சளி மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

நம் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு நினைவாற்றல் உண்டு. பதில் அதில்தான் இருக்கிறது.

கிருமி நுழைந்ததும் முதலில் வந்து சேர்வது எந்தக் கிருமி என்றெல்லாம் பார்க்காமல் விழுங்கும் வெள்ளணுக்கள். (வீக்கமும் காய்ச்சலும் பெரும்பாலும் நம் உடல் செய்யும் வேலைதான், பழி கிருமிக்குப் போகிறது.) பிறகு அந்தக் கிருமிக்கென்றே பொருந்தும் வேறு வகை வெள்ளணுக்களான பி அணுக்களும் டி அணுக்களும் பெருக வேண்டும். அதற்கு ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். வேலை முடிந்ததும் பெரும்பாலானவை மடிந்துவிடும். சில மட்டும் நினைவணுக்களாகத் தங்கும். அதே கிருமி மறுபடி வந்தால், நமக்குத் தெரிவதற்குள் கதை முடிந்துவிடும்.

இந்த நினைவு எத்தனை நாள் நிற்கும்? வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபாரோ தீவுகளில் 1781-ல் தட்டம்மை பரவியது. அப்புறம் 65 ஆண்டுகள் அந்தப் பக்கமே வரவில்லை. 1846-ல் திரும்பி வந்தபோது சுமார் 7,800 பேரில் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். ஆனால் 1781-ல் நோய்கண்டு பிழைத்திருந்த முதியவர்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை என்று டென்மார்க் மருத்துவர் பேட்டர் பானும் எழுதி வைத்தார்.

சரி, சளிக்கு வருவோம். தட்டம்மை வைரஸ் பெரிதாக முகம் மாறுவதில்லை. சளிக்குக் காரணமான ரைனோவைரஸிலோ 150-க்கும் மேற்பட்ட வகைகள். உடல் எதையும் மறந்துவிடவில்லை. ஒவ்வொரு முறையும் வருவது பெரும்பாலும் வேறொரு ஆள். போதாக்குறைக்கு, சளியை உண்டாக்கும் வேறு வைரஸ்களும் இருக்கின்றன.