புல்தரை கேள்வி பதில்: உரத்துக்கு முன்னால் மண்ணைக் குத்திப் பாருங்கள்

வீட்டுப் புல்தரைகளையும் விளையாட்டுத் திடல்களையும் பராமரிப்பது இருபது வருடமாக என் தொழில். இன்று முழுக்கக் கேளுங்கள், பதில் சொல்கிறேன். கேட்கும்போது மூன்று விஷயங்களைச் சேர்த்து எழுதுங்கள்: என்ன புல், தினமும் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது, கடைசியாக எந்த உயரத்தில் வெட்டினீர்கள். அப்புறம் ஒரு சின்ன வேலை. தண்ணீர் விட்ட மறுநாள், நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றைக் கையால் அழுத்தித் தரையில் இறக்குங்கள். 15 செ.மீ. வரை அதிகச் சிரமமில்லாமல் இறங்க வேண்டும். அது இறங்கத் திணறும் இடத்தில் வேரும் திணறிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: அக்கா, புல் மஞ்சளாகிக்கொண்டே வருகிறது. என்ன உரம் போடட்டும்?

மஞ்சள் என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரே ஒரு புல்லைப் பிடுங்கி வெளிச்சத்தில் பாருங்கள். அடி இலைகள் முதலில் மஞ்சளாகி, குருத்து பச்சையாக இருந்தால் தழைச்சத்துக் குறைவு. குருத்து இலை வெளுத்து அதன் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை. மண்ணின் காரத்தன்மை கூடிய இடங்களில் இது அடிக்கடி நடக்கும். நுனி மட்டும் நார் நாராகக் கிழிந்து வெளுத்திருந்தால் குற்றம் புல்லில் இல்லை, உங்கள் புல்வெட்டும் மெஷினின் கத்தி மழுங்கியிருக்கிறது. நிறம் நீலம் கலந்த சாம்பலாக மாறி, நடந்த காலடித் தடம் நிமிராமல் அப்படியே கிடந்தால் தாகம். கால் வைத்தால் சதசதவென்று இருந்தால் தண்ணீர் அதிகமாகி வேர் மூச்சு முட்டுகிறது.

முதல் வகை என்று உறுதியானால் மட்டும் யூரியா. சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்து ஒரு தடவைக்குப் போதும். யூரியாவில் 46 சதவீதம்தான் தழைச்சத்து என்பதால் எடையில் 11 கிராம் வரும். 100 சதுர மீட்டர் தரைக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அதை இரண்டாகப் பிரித்து, பாதியை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்குவாக்கிலும் தூவுங்கள். இலை காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் விட வேண்டும். கைப்பிடியாக அள்ளி வீசினால் விழுந்த இடமெல்லாம் கருகும். வளர்ச்சி நின்று போன புல்லுக்கும் தாகத்தில் இருக்கும் புல்லுக்கும் உரமே வேண்டாம்.

கேள்வி: தினமும் மாலையில் பத்து நிமிடம் தண்ணீர் விடுகிறேன். போதுமா, மேடம்?

நிமிடக் கணக்கு எதையும் சொல்லாது. அடி தட்டையான நாலைந்து தகர டப்பாக்களைத் தரையில் அங்கங்கே வைத்துத் தண்ணீர் விடுங்கள். டப்பாவில் எத்தனை மி.மீ. நின்றது என்று அளவுகோலால் அளங்கள். வளரும் பருவத்தில் மழையும் சேர்த்து வாரத்துக்கு ஏறத்தாழ 25 மி.மீ. போதும், அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர். களிமண்ணில் அது உள்ளே போக நேரமாகும், வழிந்தோட ஆரம்பித்தால் நிறுத்தி அரை மணி கழித்து மறுபடி விடுங்கள். மணலில் வாரம் இரண்டு தடவையாகப் பிரியுங்கள்.

தினமும் கொஞ்சம் தெளித்தால் மேல் இரண்டு செ.மீ. மட்டும் நனையும், வேர் அங்கேயே சுருண்டு உட்கார்ந்துவிடும். ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால் தரை காய்ந்து கிடப்பது இதனால்தான். மாலையில் விடாதீர்கள். இரவு முழுக்க ஈரமாக இருக்கும் இலையில்தான் பூஞ்சை குடியேறும். விடியற்காலைதான் சரி.

கேள்வி: புல் பத்தை பதித்து ஐந்து நாள் ஆகிறது. நானும் வாரம் ஒரு தடவைதான் விட வேண்டுமா?

இல்லை, உங்களுக்கு விதிவிலக்கு. வேர் பிடிக்கும் வரை, சுமார் இரண்டு வாரம், பத்தையும் அதன் அடி மண்ணும் காயக் கூடாது. ஒரு மூலையைப் பிடித்து மெதுவாக மேலே இழுங்கள். தூக்கிக்கொண்டு வந்தால் இன்னும் பிடிக்கவில்லை. பிடிவாதமாக மண்ணோடு நின்றால் முதல் வெட்டு வெட்டலாம், தண்ணீரையும் படிப்படியாக இடைவெளி விட்டுக் கொடுக்கலாம்.

கேள்வி: புல் வெட்ட உருளை மெஷின் நல்லதா, சுழல் கத்தி மெஷின் நல்லதா?

உருளையில் பல கத்திகள் சுழன்று, கீழே அசையாமல் இருக்கும் ஒரு கத்தியோடு உரசி, கத்தரிக்கோல் மாதிரி புல்லை நறுக்கும். 1830-இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் காப்புரிமை வாங்கிய முதல் புல்வெட்டும் இயந்திரமே இந்த வகைதான். ஆலையில் கம்பளித் துணியின் மேற்பரப்பை மழிக்கும் இயந்திரத்தைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்தது. இன்றைக்கும் இதைவிடச் சுத்தமான வெட்டு கிடையாது என்பது என் கருத்து. ஆனால் தரை சமமாக இருக்க வேண்டும், புல்லை அதிகம் வளரவும் விடக்கூடாது. மேடு பள்ளமும் உயரமான புல்லும் உள்ள வீட்டுக்குச் சுழல் கத்திதான் சரிவரும். அது அறுப்பதில்லை, வேகத்தில் அடித்து வெட்டுகிறது. அதனால் கூர் மிக முக்கியம். 20, 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை கத்தியைச் சாணை பிடியுங்கள். தொடுவதற்கு முன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள், மின்சார மெஷின் என்றால் பிளக்கைப் பிடுங்குங்கள். கத்தியைக் கையால் லேசாகத் திருப்பினாலே எஞ்சின் உயிர் பெற்றுவிடலாம்.

கேள்வி: என் புல்லும் மஞ்சளாக இருக்கிறது, என்ன போடலாம்?

முதல் பதிலைப் படியுங்கள். எந்த இலை மஞ்சள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: வெட்டிய புல்லை அள்ள வேண்டுமா, அப்படியே விடலாமா?

விடுங்கள். அதில் எண்பது சதவீதம் போல தண்ணீர்தான், சீக்கிரமே மக்கிவிடும். வருடம் முழுக்கத் தரைக்குத் தேவைப்படும் தழைச்சத்தில் கால் பங்கு வரை அதிலிருந்தே திரும்பக் கிடைக்கும்.

கேள்வி: அம்மா, நான் முப்பது வருடம் தோட்ட வேலை பார்த்தவன். இது தவறான ஆலோசனை. அள்ளாமல் விட்டால் அடியில் மெத்தை கட்டி, தண்ணீரே இறங்காது. கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஐயா, மெத்தை கட்டுவதை நானும் பார்த்திருக்கிறேன். தாட்ச் என்பார்கள். அது 1.25 செ.மீ.-க்கு மேல் போனால் தொல்லை என்பதிலும் உங்களோடு ஒத்துப்போகிறேன். அது எதனால் ஆனது என்பதில்தான் வேறுபடுகிறேன். ஒரு கத்தியை எடுத்துத் தரையில் முக்கோணமாக ஒரு துண்டு வெட்டித் தூக்குங்கள். மேலே பச்சை, கீழே மண், நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு அடுக்கு. அந்த அடுக்கைப் பிரித்துப் பாருங்கள். கையில் வருவது கம்பி போன்ற ஓடுதண்டும், பழைய வேரும், அடித்தண்டும்தான். இவற்றில் மரத்தன்மை அதிகம், மக்க நாளாகும். வெட்டி விழுந்த இலை நுனியை அதில் தேடினாலும் அதிகம் கிடைக்காது.

கேள்வி: இடையில் வருவதற்கு மன்னியுங்கள். இப்போதுதான் வெட்டிப் பார்த்தேன். மெத்தை 3 செ.மீ. இருக்கிறது, நீங்கள் சொன்ன மாதிரி கம்பி கம்பியாக. ஆனால் நான் ஒவ்வொரு தடவையும் கூடை வைத்து அள்ளிவிடுகிறேன்!

பார்த்துச் சொன்னதற்கு நன்றி. இரண்டே கேள்வி: என்ன உரம், எத்தனை நாளுக்கு ஒரு தடவை? மண்புழு கண்ணில் பட்டதா?

கேள்வி: அம்மோனியம் சல்பேட், மாதம் தவறாமல், நாலு வருடமாக. மண்புழு ஒன்றுகூட இல்லை.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. அம்மோனியம் உரம் மண்ணில் மாறும்போது அமிலம் உண்டாகிறது. அமிலம் ஏறினால் மண்புழு போய்விடும், மக்கவைக்கும் நுண்ணுயிர்களும் சோர்ந்துவிடும். உரத்தின் வேகத்தில் தண்டும் வேரும் மளமளவென்று உருவாகும். உருவாவது அதிகம், மக்குவது குறைவு, மீதி மெத்தையாக நிற்கிறது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1856 முதல் இன்றுவரை ஒரே புல்நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, பாத்திக்கு ஒரு உரம் என்று போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சுண்ணாம்பு இடாமல் அம்மோனியம் சல்பேட் மட்டும் தொடர்ந்து போட்ட பாத்திகள் கடுமையாக அமிலமேறி, மக்காத சக்கை மேலே அடுக்காகத் தங்கிவிட்டது. அதுவும் எப்படிப்பட்ட நிலம்? வருடா வருடம் புல்லை அறுத்து வெளியே கொண்டுபோகும் நிலம்.

நீங்கள் செய்ய வேண்டியது: இந்த உரத்தை நிறுத்துங்கள், மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பி.எச். (மண்ணின் அமில, கார அளவு) 6-க்குக் கீழே வந்தால் அவர்கள் சொல்லும் அளவுக்குச் சுண்ணாம்பு இடுங்கள். புல் நன்றாக வளரும் பருவத்தில் மெத்தையைக் கீறி எடுங்கள். 3 செ.மீ.-யையும் ஒரே நாளில் உரித்தால் புல்லும் சேர்ந்து வந்துவிடும், இரண்டு மூன்று தவணையாகச் செய்யுங்கள்.

கேள்வி: சரிம்மா, உரத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் முழங்கால் உயரம் வளர்ந்ததை வெட்டி அப்படியே போட்டால் அடியில் இருப்பது அழுகத்தானே செய்யும்?

அழுகும் ஐயா, நீங்கள் சொல்வது சரி. அள்ளாமல் விடலாம் என்ற பதிலிலேயே நான் அதைச் சேர்த்திருக்க வேண்டும். அதிகம் வளர்ந்து, ஈரத்தில் கட்டி கட்டியாக விழுந்தால் வாரித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் அடியில் வெளிச்சம் போகாது. களை விதை கட்டியிருந்தாலும், பூஞ்சை நோய் தெரிந்தாலும் அள்ளிவிடுவதே நல்லது. விடலாம் என்று நான் சொன்னது, மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மேல் வெட்டாதவர்களுக்கு. 6 செ.மீ. வைத்திருக்க நினைத்தால் 9-ஐ எட்டும்போது வெட்ட வேண்டும். முழங்கால் உயரத்தை ஒரே வெட்டில் மொட்டை அடித்தால், இலையை இழந்த புல் இருக்கும் சத்தையெல்லாம் மறுபடி இலை விடச் செலவழிக்கும், வேர் வளர்வது நின்றுவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, சில நாள் இடைவெளி விட்டு இறக்குங்கள்.

கேள்வி: கோல்ஃப் மைதானம் மாதிரி ஒட்ட வெட்ட ஆசை.

அங்கே பந்து விழும் குழியைச் சுற்றியிருக்கும் புல் சுமார் 3 மி.மீ. உயரம். மணலால் அமைத்த தரை, நாள்தோறும் உருளை மெஷின், கவனிக்கத் தனி ஆட்கள். வீட்டில் வேண்டாம். அறுகம்புல் வகையை 2 முதல் 4 செ.மீ. வரை வைக்கலாம். அகன்ற இலைப் புல்லுக்கு 6-க்குக் கீழே போகாதீர்கள். குளிர்ப் பிரதேசத்து ஃபெஸ்க்யூ புல்லுக்கு 7 முதல் 10.

கேள்வி: மஞ்சள் மஞ்சளாக இருக்கு. உரம்?

ஸ்க்ரூடிரைவரை இறக்கினீர்களா? எந்த இலை? இரண்டும் தெரியாமல் என்னால் உரத்தின் பெயர் சொல்ல முடியாது. ஊகத்தில் சொல்லி உங்கள் தரையைக் கருக்க எனக்கு மனமில்லை.

கேள்வி: நாய் சிறுநீர் கழித்த இடமெல்லாம் வட்டமாகக் கருகுகிறது.

தழைச்சத்தும் உப்பும் ஒரே இடத்தில் அளவுக்கு மீறி விழுவதால். நாய் போனதும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள்.

கேள்வி: கோரையைப் பிடுங்கப் பிடுங்க வருகிறது. அது புல்தானா?

இல்லை. தண்டை இரு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள், உருளாமல் மூன்று பட்டையும் விரலில் தட்டும். புல்லின் தண்டு அப்படி இருக்காது. பிடுங்கும்போது மேல் பாகம் மட்டும் கையோடு வரும். அடியில் கொட்டைக் கிழங்குகள் நூலில் கோத்த மாதிரி இருக்கும், அவை மறுபடி முளைக்கும். ஐந்தாறு இலை விடுவதற்குள் பிடுங்கிக்கொண்டே வந்தால் புதுக் கிழங்கு உருவாகாது, பழையதும் சத்து தீர்ந்து போகும். ஒரு பருவத்தில் முடியாது, விடாமல் செய்ய வேண்டும். எப்போதும் சொதசொதவென்று ஈரமாக இருக்கும் தரையில் அது இன்னும் செழிக்கும். தண்ணீர் பற்றிய பதிலை மறுபடி படியுங்கள்.

கேள்வி: பெரிய மரத்தின் அடியில் மூன்று தடவை புல் போட்டும் போய்விட்டது.

நாலாவது தடவை போடாதீர்கள். அறுகுக்குக் குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும், நிழல் தாங்கும் வகைகளுக்கே நாலு மணி நேரமாவது வேண்டும். போதாததற்கு மரத்தின் வேர் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். நிழலில் வளரும் தரைச்செடி வையுங்கள், அல்லது இலைச் சருகையே பரப்பி விடுங்கள்.

கேள்வி: புல் பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு வருகிறது, அடியில் வேரே இல்லை.

வெள்ளை வேர்ப்புழு. வண்டின் குஞ்சு, அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும். 30 செ.மீ. சதுரத்துக்கு மண்ணைத் திருப்பி எண்ணுங்கள். ஐந்துக்குள் என்றால் திடமான தரை தாங்கிக்கொள்ளும். பத்துக்கு மேல் என்றால் மருந்து தேவைப்படலாம். புழு சின்னதாக இருக்கும்போதுதான் அது கேட்கும், முற்றிய பிறகு ஊற்றுவது வீண்.

கேள்வி: செயற்கைப் புல் போடலாமா?

அது என் துறை இல்லை.

கேள்வி: அக்கா, ஸ்க்ரூடிரைவர் 4 செ.மீ.-யோடு நின்றுவிட்டது. அடியில் ஆணி வைத்த செருப்பு போட்டு நடந்தால் சரியாகுமா?

குத்திப் பார்த்துவிட்டு வந்தீர்களே, மிக்க மகிழ்ச்சி. ஆணிச் செருப்பு வேண்டாம். ஆணி இறங்கும்போது மண்ணைப் பக்கவாட்டில் நெருக்குகிறது, ஓட்டையின் சுவர் இன்னும் இறுகும். மண்ணை உருளையாக வெளியே எடுக்கும் குழல் வகை ஏரேட்டரை வாடகைக்கு எடுங்கள். முந்தின நாள் தண்ணீர் விட்டு, மண் ஈரமாக, ஆனால் கையில் ஒட்டாத பதத்தில் இருக்கும்போது ஓட்டுங்கள். குழாய் எங்கெங்கே புதைந்திருக்கிறது என்று முன்கூட்டியே கொடி நட்டு அடையாளம் வையுங்கள். 5 முதல் 7 செ.மீ. ஆழத்துக்கு ஓட்டை விழ வேண்டும், நெருக்கமாக இரண்டு திசையில் ஓட்டுங்கள். வெளியே வந்த மண் உருளைகளை அள்ளாதீர்கள், காய்ந்ததும் உடைந்து தரையில் கலந்துவிடும். சலித்த மக்கிய உரத்தை அரை செ.மீ.-க்கு மேல் போகாமல் தூவி, விளக்குமாற்றால் ஓட்டைகளுக்குள் தள்ளிவிடுங்கள். களிமண் மேல் வெறும் மணலை அடுக்காகக் கொட்டாதீர்கள், இரண்டும் சேரும் இடத்தில் தண்ணீர் தயங்கி நிற்கும்.

ஆறு வாரம் கழித்து, தண்ணீர் விட்ட மறுநாள், அதே இடத்தில் மறுபடி குத்துங்கள். எத்தனை செ.மீ. இறங்கியது என்று எனக்கு எழுதுங்கள்.