குணா குகைக்குள் இறங்க முடியுமா?

பத்து வயது மகனுடன் கொடைக்கானல் வருவதாகவும், குணா குகை படத்துக்காகக் கட்டிய செட்டா, உள்ளே இறங்கிப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

செட் இல்லை, இயற்கையான குகைதான். தூண் பாறைக்கு அருகில் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் இதை ‘பிசாசின் சமையலறை’ என்ற பொருளில் டெவில்ஸ் கிச்சன் என்று அழைத்தார்கள். 1991இல் ‘குணா’ வெளிவந்த பிறகு மக்கள் வாயில் அந்தப் பழைய பெயர் மறைந்தே போனது. 2024இல் வந்த ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படத்தின் குகைக் காட்சிகளுக்குத்தான் கேரளத்தில் செட் போட்டார்கள். அந்தக் கதை நிஜம்: 2006இல் குழிக்குள் விழுந்த இளைஞரை அவருடைய நண்பரே இறங்கி மீட்டார்.

உள்ளே இறங்க அனுமதி இல்லை. தயவுசெய்து முயலவும் வேண்டாம். பாறை இடுக்குகளின் ஆழம் மேலிருந்து தெரியாது. வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும்.

ஆனால் வழியில் தரையெங்கும் பின்னிக் கிடக்கும் மரவேர்களைப் பையனுக்கு அவசியம் காட்டுங்கள். தேர்வடம் போலத் தடித்து, ஆட்கள் மிதித்து மிதித்து வழவழப்பாகியிருக்கும். எனக்குக் குகையைவிட அதுதான் பிடிக்கும். மழை பெய்திருந்தால் வழுக்கும், பையனின் கையை விடாதீர்கள்.