கேள்வி – பதில்: விலை ஏறினால் யார் தலையில்?

கேள்வி: அரசுத் துறை ஒன்றின் இரும்புப் பால டெண்டர். வேலைக்காலம் 18 மாதம். இரும்பு விலை நாளுக்கு ஒன்றாக இருக்கிறது. கூட்டிப் போட்டால் டெண்டர் கைநழுவும். குறைத்துப் போட்டால் கையைக் கடிக்கும். என்ன செய்வது?

பதில்: முதலில் டெண்டர் ஆவணத்தில் விலை மாற்றப் பிரிவு (வேலை நடக்கும்போது விலை ஏறி இறங்கினால் பில்லையும் அதற்கேற்ப மாற்றும் விதி) இருக்கிறதா என்று பாருங்கள். பன்னாட்டுக் கட்டுமான வேலைகளில் பரவலாகப் பயன்படும், ஃபிடிக் என்ற பன்னாட்டுப் பொறியாளர் கூட்டமைப்பின் மாதிரி ஒப்பந்தத்தில் (1999 பதிப்பு) அதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. பில் தொகையில் ஒரு பங்கு மாறாது. மிச்சம் கூலி, பொருள் என்று பிரிந்து அந்தந்தக் குறியீட்டெண்ணோடு (விலை எவ்வளவு மாறியது என்று காட்டும் எண்) ஏறி இறங்கும். பங்குகளைக் காட்டும் அட்டவணை ஒப்பந்தத்தில் இல்லையென்றால் பிரிவே செல்லாது. இதைக் கவனியுங்கள்.

மாறாத பங்கு 0.15, கூலி 0.25, இரும்பு 0.60 என்று வையுங்கள். கூலிக் குறியீடு 100-லிருந்து 104, இரும்பு 100-லிருந்து 130 ஆகிறது. 0.15 + 0.26 + 0.78 = 1.19. அதாவது 100-க்குப் போட்ட பில்லுக்கு 119 வரும். அதே வேலைக்குக் கூலி 0.45, இரும்பு 0.40 என்று அச்சாகியிருந்தால் 113.8தான். 100-க்கு 5.2 உங்கள் கையிலிருந்து போகும்.

பலர் சறுக்குவது இங்கேதான். பிரிவைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். பங்குகளைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. அளவுப் பட்டியலை (எந்த வேலைக்கு எவ்வளவு பொருள் என்று காட்டும் பட்டியல்) வைத்து இரும்பின் உண்மைப் பங்கைக் கணக்கிட்டு, டெண்டருக்கு முந்தைய கூட்டத்திலேயே எழுத்தில் கேளுங்கள். விலையோடு நிபந்தனை சேர்த்து அனுப்பினால் டெண்டரே தள்ளுபடியாகலாம்.

ஃபிடிக் ஒப்பந்தத்தில் அடிப்படைத் தேதி, அதாவது விலை மாற்றத்தை எண்ணத் தொடங்கும் நாள், டெண்டர் கொடுக்கக் கடைசி நாளுக்கு 28 நாள் முன்பு. அதற்கு முன் ஏறிய விலைக்கு ஈடு கிடையாது. பழைய கொட்டேஷனை நம்பி விலை போடாதீர்கள். குறித்த காலத்துக்குள் வேலையை முடிக்காவிட்டால், காலம் முடிவதற்கு 49 நாள் முந்தைய குறியீடு, நடப்புக் குறியீடு இரண்டில் துறைக்குச் சாதகமானதையே எடுப்பார்கள்.

பிரிவே இல்லாவிட்டால், சேர்க்கச் சொல்லித் துறையிடம் கேட்கத் தயங்க வேண்டாம். அது சலுகை அல்ல. பிரிவு இல்லாத டெண்டரில் விவரமறிந்தவர்கள் பயத்துக்கென்று ஒரு தொகை சேர்த்துத்தான் போடுவார்கள். சேர்க்காதவர் பாதியில் விட்டுப்போனால் மறுடெண்டர் செலவு துறைக்குத்தான்.

கேள்வி: நெருக்கடிக் காலத்தில் அரசு உத்தரவாதத்தோடு தரும் கடனை வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் பொதுவாக அந்த உத்தரவாதம் வங்கிக்கு, உங்களுக்கல்ல; நீங்கள் கட்டாவிட்டால் வசூல் உங்கள் மேல்தான் வரும். கடன் தள்ளுபடி உண்டு என்றால் விதியை வரிவரியாகப் படியுங்கள். அமெரிக்கா 2020-இல் கொண்டுவந்த சம்பளப் பாதுகாப்புக் கடனில், தள்ளுபடி பெற 8 வாரத்துக்குள் 75 சதவீதம் சம்பளத்துக்குச் செலவாக வேண்டும் என்பது முதல் விதி. ஜூனில் அது 24 வாரம், 60 சதவீதம் என்று மாறியது. இப்படி நடுவில் விதி மாறும். கடன் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, ஒவ்வொரு சம்பளப் பட்டியலையும் தேதியோடு கோத்து வைத்திருந்தால், எந்த விதி வந்தாலும் அன்றே கணக்குக் காட்டலாம்.